யூதர் மறையும் அரமேய மொழிபெயர்ப்பும்



ஒரு சமயத்தின் திருமறை ஒரு மொழியில் அமைந்திருக்கிறது. அச்சமயத்தைப் பின்பற்றும் மக்களோ, காலப்போக்கில் வேறொரு மொழியைப் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். அப்பொழுது என்ன செய்வது? மறையைப் பழைய மொழியிலேயே ஓதினால் அதன் தூய்மை காக்கப்படும். ஆனால் கேட்போர்க்குப் பொருள் விளங்காது. மக்கள் மொழியில் மாற்றி ஓதினால் பொருள் விளங்கும்; ஆனால் மூலநூல் நாளடைவில் மறக்கப்பட்டுவிடும். உலகத்துச் சமயங்கள் பலவும் இந்த இடர்ப்பாட்டைச் சந்தித்துள்ளன. அவற்றுள் யூத மக்கள் கண்ட வழி தனிச் சிறப்புடையது. அவர்கள் மூலத்தையும் கைவிடவில்லை; பொருள் அறிய விரும்பிய எளிய மக்களையும் கைவிடவில்லை. அவ்வழிக்குத் ‘தர்கூம்’ என்று பெயர். அதன் வரலாற்றையே இன்று உங்களுக்குக் கூற விரும்புகிறேன்.

தர்கூம் என்பதற்கு மொழிபெயர்ப்பு என்பது பொருள். இச்சொல் நமக்கு முற்றிலும் புதியதன்று. நம் இசுலாமிய நண்பர்கள் திருக்குர்ஆனின் மொழிபெயர்ப்பைத் ‘தர்ஜமா’ என்று குறிப்பிடுவதை நீங்கள் கேட்டிருக்கலாம். அரபு மொழியிலிருந்து வந்த தர்ஜமாவும், யூதருடைய தர்கூமும் ஒரே சொற்குடும்பத்தைச் சேர்ந்தவை. அச்சொற்குடும்பத்தின் மூத்த உறவு, மெசொப்பொத்தாமியாவின் பழைய அக்காதிய மொழியிலேயே காணப்படுகிறது. எம்மொழிபெயர்ப்புக்கும் பொதுவாக உரிய இச்சொல், வரலாற்றில், எபிரேய மொழியிலுள்ள யூத மறையின் அரமேய மொழிபெயர்ப்பையே சிறப்பாகக் குறிக்கலாயிற்று.

எபிரேயமும் அரமேயமும் உடன்பிறந்த மொழிகள். தமிழுக்கும் கன்னடத்துக்கும் உள்ள உறவைப் போன்றது அவற்றின் உறவு. சொற்கள் பல ஒத்திருக்கும். ஆயினும் ஒன்றை மட்டும் அறிந்தவர் மற்றொன்றைக் கல்லாமலே முழுதும் உணர்ந்துவிட முடியாது. அரமேயர் என்போர் சிரியா நாட்டில் வாழ்ந்த மக்கள். அவர்கள் பேரரசு எதனையும் நிறுவவில்லை. ஆனால் அவர்கள் மொழி பேரரசுகளை வென்றது. அசீரியரும் பாபிலோனியரும் அதனை ஆட்சியிலும் வாணிகத்திலும் வழங்கினர். பின்னர் வந்த பாரசீகப் பேரரசு, எகிப்து முதல் இந்திய எல்லை வரையில் பரந்த தன் ஆட்சிக்கு அதனையே அலுவல் மொழியாகக் கொண்டது. எகிப்தில் நைல் ஆற்றின் நடுவிலுள்ள எலிபாண்டைன் தீவில் குடியிருந்த யூதப் போர்வீரர்கள், கி.மு. 5ஆம் நூற்றாண்டில் அரமேயத்தில் எழுதிய கடிதங்களும் ஆவணங்களும் நமக்குக் கிடைத்துள்ளன. நம் நாட்டு அசோகச் சக்கரவர்த்தியும் வடமேற்கு எல்லையில் வாழ்ந்த மக்களுக்குத் தம் அறவுரைகளை அரமேயத்தில் பொறித்து வைத்தார். கிரேக்கமும் அரமேயமுமாக இரு மொழிகளில் அமைந்த அவருடைய கல்வெட்டு ஒன்று, 1958ஆம் ஆண்டில் ஆப்கானித்தானத்திலுள்ள காந்தகாரில் கண்டுபிடிக்கப்பட்டது. அக்காலத்தில் அம்மொழிக்கு இருந்த செல்வாக்கை உணர இச்சான்றே போதும்.

கி.மு. 586ஆம் ஆண்டளவில் பாபிலோனிய மன்னன் நெபுகாத்நேச்சாரின் படைகள் எருசலேம் நகரையும் அதன் கோவிலையும் அழித்தன. யூதருள் ஒரு பகுதியினர் பாபிலோனுக்குச் சிறைப்படுத்திக் கொண்டுபோகப்பட்டனர். கி.மு. 539இல் பாரசீக மன்னன் கோரேசு பாபிலோனை வென்றபின், அவர்கள் தாயகம் திரும்ப இசைவு பெற்றனர். இடைப்பட்ட காலத்தில் அரமேயம் அவர்கள் வாழ்வில் கலந்துவிட்டது. எபிரேயம் ஒரே நாளில் மறைந்துவிட்டது என்று மட்டும் நீங்கள் எண்ணிவிடக் கூடாது. யூதேயா நாட்டின் சில பகுதிகளில் அது பன்னெடுங்காலம் பேச்சில் இருந்தது. கி.பி. 132 முதல் 135 வரை உரோமரை எதிர்த்துப் போரிட்ட பர் கோக்பாவின் காலத்து எபிரேயக் கடிதங்களும் கிடைத்திருக்கின்றன. அரமேயக் கடிதங்களும் கிடைத்திருக்கின்றன. ஆயினும் சந்தையிலும் வீட்டிலும் அரமேயம் நாளுக்குநாள் ஓங்கியது என்பதில் ஐயமில்லை. யூத மறையிலேயே தானியேல், எஸ்றா ஆகிய நூல்களின் சில பகுதிகள் அரமேயத்தில்தான் உள்ளன. இன்று நாம் எபிரேய எழுத்து என்று காண்கின்ற சதுர வடிவ எழுத்தும் அரமேயரிடமிருந்து பெற்றதே.

தாயகம் திரும்பிய மக்களின் வாழ்வில் நிகழ்ந்த ஒரு காட்சியை நெகேமியாவின் நூல் விவரிக்கிறது. ஏழாம் மாதத்தின் முதல் நாள். எருசலேமில் தண்ணீர் வாயிலுக்கு எதிரேயிருந்த வெளியில் ஆண்களும் பெண்களும் ஒருசேரக் கூடினர். எஸ்றா என்னும் மறைவல்லுநர் மரத்தாலான மேடையின்மீது ஏறி நின்று, விடியற்காலை முதல் நண்பகல் வரையில் சட்ட நூலைப் படித்தார். லேவியர் மக்களிடையே நின்று, படிக்கப்பட்டதன் பொருளை விளக்கினர். கேட்ட மக்கள் அழுதனர். பிற்கால யூத அறிஞர்கள், தர்கூமின் தொடக்கமே இதுதான் என்றனர். லேவியர் செய்தது மொழிபெயர்ப்போ அன்றி வெறும் விளக்கமோ என்பதில் ஆராய்ச்சியாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எதுவாயினும், அன்று ஒரு கொள்கை நிலைபெற்றுவிட்டது. மறையை ஓதினால் மட்டும் போதாது. கேட்பவர் அதனை உணர்தல் வேண்டும். உணர்தலும் வழிபாட்டின் ஒரு பகுதியே என்பதுதான் அக்கொள்கை.

இக்கொள்கை வளர்ந்த இடம் யூதருடைய தொழுகைக்கூடம். எருசலேம் கோவிலில் பலியிடுதலே தலைமையான சடங்கு; அதனைக் குருமார் செய்வர். தொழுகைக்கூடத்தில் பலி இல்லை. மறையைப் படித்தலும் இறைவனை வேண்டுதலுமே அங்கு வழிபாடு. எருசலேமில் கண்டெடுக்கப்பட்ட கிரேக்கக் கல்வெட்டு ஒன்று, தெயோதோத்தோசு என்பவர் சட்டத்தைப் படிப்பதற்கும் கட்டளைகளைக் கற்பிப்பதற்கும் ஒரு தொழுகைக்கூடம் கட்டிய செய்தியைக் கூறுகிறது. கி.பி. 70இல் உரோமர் கோவிலை அழித்துவிட்டபின், தொழுகைக்கூடமே யூதர் வாழ்வின் நடுவிடமாயிற்று. ஒவ்வோர் ஓய்வுநாளிலும் ‘தோரா’ எனப்படும் ஐந்நூலின் ஒரு பகுதி முறையாகப் படிக்கப்பட்டது. பாபிலோனிய யூதர் அதனை ஓராண்டில் படித்து முடித்தனர். பாலத்தீன யூதர் ஏறத்தாழ மூன்றாண்டுகளில் படித்து முடித்தனர். அதனையடுத்து இறைவாக்கினர் நூல்களிலிருந்தும் ஒரு பகுதி படிக்கப்பட்டது.

அப்பொழுது அங்கே இரு குரல்கள் ஒலித்தன. ஒருவர் தோல் சுருளை விரித்து எபிரேயத்தில் ஒரு வசனத்தைப் படிப்பார், படித்து நிறுத்துவார். அருகில் நிற்கும் மற்றொருவர் அவ்வசனத்தை அரமேயத்தில் சொல்லுவார். பிறகு அடுத்த வசனம். இந்த இரண்டாமவருக்கு ‘மெதுர்கெமான்’ என்று பெயர். நம் நாட்டில் வெள்ளையர் வாணிகக் காலத்தில் இரு மொழி வல்லோரைத் துபாஷி என்று அழைத்தார்கள் அல்லவா? அத்தகைய பணியைத்தான் இவரும் செய்தார். ஆனால் இவர் வாணிகரிடையே நின்றவரல்லர். இறைமொழிக்கும் மக்களுக்கும் இடையே நின்றவர்.

அவருடைய பணிக்கு யூத அறிஞர்கள் வகுத்த விதிகள் மிக நுட்பமானவை. கி.பி. 200ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட ‘மிஷ்னா’ என்னும் நூலிலும், அதன்மேல் எழுந்த ‘தல்மூத்’ நூல்களிலும் அவற்றைக் காணலாம். தோராவைப் படிப்பவர் ஒரே சமயத்தில் ஒரு வசனத்துக்கு மேல் படித்தல் கூடாது. இறைவாக்கினர் நூலாயின் மூன்று வசனங்கள் வரை படிக்கலாம். படிப்பவர் சுருளைப் பார்த்தே படித்தல் வேண்டும். மொழிபெயர்ப்பவரோ எந்த ஏட்டையும் பார்த்தல் கூடாது. நினைவிலிருந்தே சொல்லுதல் வேண்டும். மொழிபெயர்ப்பவரின் குரல் படிப்பவரின் குரலினும் உயர்ந்து ஒலித்தல் கூடாது. மொழிபெயர்ப்பவர் தடுமாறினால் படிப்பவர் அடியெடுத்துக் கொடுத்தலும் கூடாது. ஏன் தெரியுமா? படிப்பவர் அரமேயச் சொல்லைச் சொல்லிவிட்டால், அதுவும் சுருளிலேயே எழுதப்பட்டிருக்கிறது போலும் என்று மக்கள் எண்ணிவிடக்கூடும்.

எருசலேம் தல்மூத் மூன்று சிறு நிகழ்ச்சிகளைக் கூறுகிறது. பாலத்தீன நாட்டு அறிஞர் ஒருவர், ரபி சாமுவேல் பர் ராவ் இசாக்கு என்பவர், தொழுகைக்கூடம் ஒன்றினுள் நுழைந்தார். அங்கே ஓர் ஆசிரியர் ஏட்டைப் பார்த்து மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். இது தகாது என்றார் ரபி. எழுத்தாக வந்ததை எழுத்தாகவும், வாய்மொழியாக வந்ததை வாய்மொழியாகவுமே வழங்கவேண்டும் என்பது அவர் கருத்து. மற்றொரு முறை ஒருவர் தூணில் சாய்ந்துகொண்டு மொழிபெயர்ப்பதைக் கண்டார். மறை அச்சத்தோடும் நடுக்கத்தோடும் அருளப்பெற்றது, ஆதலால் அதே பணிவோடு நின்றே அதனைச் சொல்லவேண்டும் என்று கண்டித்தார். வேறொரு முறை ஒருவரே படித்து, அவரே மொழிபெயர்ப்பதைக் கண்டார். மறை மோசே என்னும் இடையாள் வழியாக வந்தது. ஆகவே இங்கும் இடையாள் ஒருவர் வேண்டும் என்றார்.

இவ்விதிகளை மேலோட்டமாகப் பார்ப்பவர்க்கு இவை வெறும் கட்டுப்பாடுகளாகத் தோன்றலாம். சற்று ஆழ்ந்து நோக்கினால் ஒவ்வொரு விதிக்கும் காரணம் விளங்கும். மூலம் கண்ணால் கண்டு படிக்கப்படுவது. மொழிபெயர்ப்பு காதால் மட்டும் கேட்கப்படுவது. மூலத்துக்குச் சுருள் உண்டு. மொழிபெயர்ப்புக்குக் கூடத்தில் சுருள் இல்லை. இரண்டும் இரு வேறு வாய்களிலிருந்து வருகின்றன. ஆகவே கல்வியறிவில்லாத உழவனும் குயவனும்கூட, எது மறை, எது அதன் விளக்கம் என்பதைப் பிரித்தறிந்துகொள்ள முடிந்தது. மொழிபெயர்ப்பவருக்குப் பெருமிதம் வந்துவிடாமலும் இம்முறை காத்தது. சிறுவன் ஒருவன்கூட அப்பணியைச் செய்யலாம் என்று மிஷ்னா இசைவு தருகிறது.

நான் ஆசிரியப் பயிற்சி பெற்ற நாளில், செய்யுட்பாடம் நடத்தும் முறையை எங்களுக்குக் கற்பித்தார்கள். முதலில் செய்யுளைப் பிழையின்றி வாய்விட்டுப் படித்தல் வேண்டும். பிறகு பொருள் கூறல் வேண்டும். பொருள் கூறியபின் மீண்டும் செய்யுளுக்கே திரும்புதல் வேண்டும். பொழிப்புரையை மட்டும் மனப்பாடம் செய்து, செய்யுளை மறந்துவிடும் மாணவன் பாடலைக் கற்றவன் ஆகான். பொருள் தெரியாமல் செய்யுளை மட்டும் ஒப்பிப்பவனும் கற்றவன் ஆகான். தர்கூம் முறையைப் பற்றிப் படித்தபொழுது, இப்பாடமுறையின் பழைய வடிவம் ஒன்றைக் கண்டதுபோல் எனக்குத் தோன்றியது.

இதனோடு ஒப்பிட்டு நோக்கத்தக்கது அலெக்சாந்திரியா நகரத்து யூதர் மேற்கொண்ட வழி. அவர்கள் கிரேக்கம் பேசினர். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அங்கே தோரா கிரேக்கத்தில் பெயர்க்கப்பட்டது. பிற நூல்கள் பின்னர்ப் பெயர்க்கப்பட்டன. எழுபதின்மர் மொழிபெயர்ப்பு என்று அதனைக் கூறுவர். அது மூலத்தின் பக்கத்தில் நிற்கவில்லை; மூலத்தின் இடத்திலேயே அமர்ந்தது. அந்நகரத்துத் தத்துவ அறிஞர் பீலோ, அதனை மொழிபெயர்த்தோரை இறைவாக்கினர்க்கு நிகராகப் போற்றினார். பின்னாளில் அது கிறித்தவத் திருச்சபையின் பழைய ஏற்பாடாயிற்று. அரமேயத் தர்கூமோ, எக்காலத்தும் மூலத்தின் இடத்தைப் பிடிக்கவில்லை; பிடிக்க விடப்படவும் இல்லை.

எழுதப்பட்ட தர்கூம் அக்காலத்தில் இல்லவே இல்லையோ எனின், இருந்தது. கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த மூத்த கமாலியேலைப் பற்றி ஒரு செய்தி உண்டு. அவர் கோவில் மலையில் நின்றுகொண்டிருந்தபொழுது, யோபு நூலின் தர்கூமை ஒருவர் அவரிடம் கொண்டுவந்தார். கட்டட வேலை நடந்துகொண்டிருந்தது. அவ்வேட்டைக் கல்வரிசையின் அடியில் வைத்துப் புதைத்துவிடும்படி கமாலியேல் கொத்தனிடம் கூறிவிட்டார். ஏறத்தாழ 1,900 ஆண்டுகள் கழிந்தன. 1956ஆம் ஆண்டில் சாக்கடலின் கரையிலுள்ள கும்ரான் பகுதியில் பதினோராம் குகை கண்டுபிடிக்கப்பட்டது. அங்கே கிடைத்த சுருள்களுள் ஒன்று யோபு நூலின் அரமேய மொழிபெயர்ப்பு! கமாலியேல் புதைத்த ஏடே இது என்று கொள்வதற்கில்லை. ஆயினும் அத்தகைய ஏடுகள் அக்காலத்தில் மெய்யாகவே வழங்கின என்பதற்கு இதனைவிடச் சிறந்த சான்று வேண்டுவதில்லை. யோபு எளிதில் பொருள் விளங்காத நூல். அதனைத் தனியே படித்தவர் உதவி நாடியதில் வியப்பில்லை.

இனி, மற்றொரு சுவையான செய்தி. மறையின் சில பகுதிகளைப் படிக்கலாம், ஆனால் மொழிபெயர்த்தல் கூடாது என்று மிஷ்னா விதிக்கிறது. யாக்கோபின் மூத்த மகன் ரூபன் செய்த தகாத செயலைக் கூறும் பகுதி அத்தகையது. பொற்கன்றை வழிபட்ட நிகழ்ச்சியின் முதற்பகுதியை மொழிபெயர்க்கலாம். ஆரோன் சாக்குப்போக்குச் சொல்லும் இரண்டாம் பகுதியை மொழிபெயர்த்தல் கூடாது. முன்னோர்க்கு இழுக்கு வரும் என்ற அச்சமே இதற்குக் காரணம். அப்பகுதிகளை எவரும் சுருளிலிருந்து நீக்கிவிடவில்லை என்பதைக் கருத வேண்டும். எபிரேயத்தில் அவை முறைப்படி ஓதப்பட்டன. அரமேயக் குரல் மட்டும் அங்கே அமைதி காத்தது. கற்றவர் அறிந்துகொண்டனர், கல்லாதவர் அறியாதிருந்தனர். மொழிபெயர்ப்புக்கு எத்துணை ஆற்றல் உண்டு என்பதை அவ்வறிஞர்கள் நன்கு உணர்ந்திருந்தனர் என்பது இதனால் புலனாகிறது. தகாத பொருள் சொல்லும் மொழிபெயர்ப்பாளனை அந்த இடத்திலேயே கண்டித்து அமர்த்திவிடவும் விதி இருந்தது.

சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதா, கருத்தைப் பெயர்ப்பதா என்பது இன்றும் மொழிபெயர்ப்பாளரை வாட்டும் கேள்வி. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ரபி யூதா இதற்குக் கடுமையான விடை தந்தார். வசனத்தை உள்ளவாறே சொல்லுக்குச் சொல் மாற்றுபவன் பொய்யன் என்றும், அதனோடு தானாக ஒன்றைச் சேர்ப்பவன் இறைவனை இகழ்பவன் என்றும் அவர் கூறினார். இரண்டும் கூடாதெனின் வேறென்ன செய்வது? உரையாசிரியர்கள் இதற்கு ஓர் எடுத்துக்காட்டுத் தருவர். இசுரவேலின் மூப்பர் மலைமீது இறைவனைக் கண்டதாக யாத்திராகமம் கூறுகிறது. இறைவனைக் கண்ணால் காண முடியாது. ஆகவே கண்டனர் என்று அப்படியே பெயர்த்தல் பொய்யாகும். தேவதூதரைக் கண்டனர் என்று மாற்றினால், இறைவன் இருந்த இடத்தில் வேறொருவரை வைத்த குற்றமாகும். இறைவனது மாட்சிமையைக் கண்டனர் என்று பெயர்ப்பதே முறை. தர்கூமும் அவ்வாறே பெயர்த்திருக்கிறது.

இம்முறையில் அமைந்தவற்றுள் தலைசிறந்தது தோராவின் ‘ஓங்கெலோசு’ தர்கூம். இறைவன் இறங்கி வந்தான் என்று மூலம் கூறுமிடத்து, இறைவன் தன்னை வெளிப்படுத்தினான் என்று அது கூறும். இறைவனுக்கு மனித உறுப்பும் மனித அசைவும் உண்டென்று எளியோர் எண்ணிவிடக் கூடாது என்பதே நோக்கம். 12ஆம் நூற்றாண்டின் பெரும் தத்துவ அறிஞர் மைமோனிதெசு இப்பண்பை எடுத்துக்காட்டிப் பாராட்டினார். ஆட்டுக்குட்டியை அதன் தாயின் பாலில் சமைக்கலாகாது என்பது மூலத்தின் கட்டளை. இறைச்சியைப் பாலோடு உண்ணலாகாது என்று தர்கூம் அதனை விரிக்கும். இன்றும் சமயநெறி பேணும் யூதர் வீட்டு அடுக்களையில் அவ்விதியே வழங்குகிறது. லேயாளின் கண்களைப் பற்றி மூலம் கூறும் சொல் மங்கிய கண்கள் என்றும் பொருள்படும். தர்கூமோ அழகிய கண்கள் என்று பெயர்த்து, அவ்வம்மையாரின் பெருமையைக் காத்தது. மனிதன் உயிருள்ளவன் ஆனான் என்று படைப்பு வரலாறு கூறுமிடத்து, பேசும் ஆவியானான் என்கிறது ஓங்கெலோசு தர்கூம். விலங்கும் உயிருடையதே, மனிதனை வேறுபடுத்துவது பேச்சு. ஒரே சொல்லில் எத்துணைப் பெரிய விளக்கம் அடங்கியிருக்கிறது, பாருங்கள்!

ஓங்கெலோசு என்பவர் யூத நெறியைத் தழுவிய வேற்றினத்தவர் என்று பாபிலோனியத் தல்மூத் கூறும். கிரேக்கத்தில் மறையைப் பெயர்த்த அக்கீலா என்பவரின் பெயரே இவ்வாறு திரிந்தது என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுவர். இத்தர்கூம் பாலத்தீனத்தில் தோன்றிப் பாபிலோனியாவில் திருத்தம் பெற்று நிலைபெற்றது. இறைவாக்கினர் நூல்களின் தர்கூமை யோனத்தான் பென் உசியேல் செய்தார் என்பது மரபு. அவர் அதனை வெளியிட்டபொழுது நாடே நடுங்கியதென்றும், தன் மறைபொருள்களை மாந்தர்க்கு வெளிப்படுத்தியவன் யாரென்று வானிலிருந்து ஒரு குரல் வினவியதென்றும் ஒரு கதை வழங்குகிறது. கதை கதையே ஆயினும், மொழிபெயர்த்தலை எத்துணை அஞ்சத்தக்க செயலாக அம்மக்கள் கருதினர் என்பதை அது காட்டுகிறது. இவையன்றிப் பாலத்தீனத்தில் கதைகளும் அறவுரைகளும் விரவிய வேறு தர்கூம்களும் இருந்தன. அவற்றுள் ஒன்று முழுமையாக வத்திக்கன் நூலகத்தில் இருந்தது. ஓங்கெலோசு தர்கூம் என்று தவறாகப் பட்டியலிடப்பட்டிருந்த அவ்வேட்டின் உண்மைத் தன்மையை, 1956ஆம் ஆண்டில் இசுபானிய அறிஞர் அலெகாந்திரோ தியெசு மாச்சோ உலகுக்கு அறிவித்தார். ‘நியோபிட்டி’ என்பது அதன் பெயர்.

அரமேயத்தை எல்லாரும் மதித்தனர் என்று கூறுவதற்கில்லை. அரமேயத்தில் வேண்டுதல் செய்யாதீர், தேவதூதர்க்கு அம்மொழி தெரியாது என்றார் ரபி யோகனான். பாலத்தீனத்தில் எபிரேயமோ கிரேக்கமோ போதாதா, அரமேயம் எதற்கு என்று கேட்டவரும் உண்டு. அம்மொழியை இழிவாக நினையாதீர், மறையின் முப்பெரும் பகுதிகளிலும் அரமேயச் சொற்கள் உள்ளனவே என்று விடை கூறியவரும் உண்டு. மக்கள் மொழி இறைவன் திருமுன் நிற்கத் தகுதியுடையதா என்னும் வழக்கு மிகப் பழைய வழக்கு என்பதை இதனால் அறிகிறோம். வழக்கு நடந்துகொண்டிருக்கும்பொழுதே, தொழுகைக்கூடத்தில் மெதுர்கெமானின் குரலும் ஒலித்துக்கொண்டுதான் இருந்தது.

7ஆம் நூற்றாண்டுக்குப்பின் அரபு மொழி மேலோங்கியது. யூதரும் அரபு பேசத் தொடங்கினர். மக்களுக்கு விளங்குவதற்காகப் பிறந்த அரமேயத் தர்கூம் இப்பொழுது மக்களுக்கு விளங்காமற்போயிற்று. அதனை விட்டுவிடலாமா என்ற கேள்வி எழுந்தது. 9ஆம் நூற்றாண்டில் சூரா என்னும் கல்விச்சாலையின் தலைவராயிருந்த நத்ரோனாய், முன்னோர் தந்த தர்கூமை விடலாகாது என்று தீர்ப்பளித்தார். தேவையாயின் வேறொருவர் எழுந்து நின்று மக்கள் மொழியில் விளக்கட்டும் என்றார். மொழிபெயர்ப்புக்கே ஒரு மொழிபெயர்ப்பு வேண்டிவந்தது! அடுத்த நூற்றாண்டில் அதே கல்விச்சாலையின் தலைவரான சாதியா, தோராவை அரபு மொழியில் பெயர்த்துத் தந்தார். தர்கூம் அன்று செய்த தொண்டைச் சாதியாவின் நூல் தன் காலத்துக்குச் செய்தது.

நாளடைவில் பெரும்பாலான நாடுகளில் தொழுகைக்கூடத்து மெதுர்கெமான் மறைந்தார். அவர் நின்ற இடத்தின் சுவடு மட்டும் சில இடங்களில் எஞ்சியது. ஐரோப்பிய யூதர் வாரங்களின் திருவிழாவில் ‘அக்தாமுத்’ என்னும் அரமேயப் பாடலைப் பாடுவர். செருமானிய நாட்டு வோர்ம்சு நகரில் 11ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ரபி மெயிர் பர் இசாக்கு அதனைப் பாடினார். தர்கூமைச் சொல்லத் தொடங்குமுன் பாடும் பாயிரம் அது. தர்கூம் நின்றுபோயிற்று, பாயிரம் மட்டும் நிலைத்தது. ஏமன் நாட்டு யூதர் மாத்திரம் பழைய முறையை முழுமையாகக் காத்தனர். அங்கே படிப்பவர் எபிரேய வசனத்தைப் படித்து நிறுத்த, ஒரு சிறுவன் ஓங்கெலோசு தர்கூமை ஓதுவான். 1949, 1950 ஆகிய ஆண்டுகளில் ஏமனிலிருந்து ஏறத்தாழ 50,000 யூதர் இசுரேல் நாட்டில் குடியேறியபொழுது, அவ்வழக்கத்தையும் உடன்கொண்டு சென்றனர். அவர்களுடைய கூடங்களில் அக்குரல் இன்றும் ஒலிக்கிறது.

வீட்டில் தனியே படிப்போர்க்கும் ஒரு நெறி வகுக்கப்பட்டது. அவ்வாரத்துப் பகுதியை மூலத்தில் இருமுறையும், தர்கூமில் ஒருமுறையும் படித்தல் வேண்டும் என்பது தல்மூதின் அறிவுரை. அந்த விகிதத்தைக் கருதுங்கள்: மூலம் இருமுறை, மொழிபெயர்ப்பு ஒருமுறை. அச்சு வந்தபின்னும் அம்முறை பிறழவில்லை. 1482இல் இத்தாலியின் பொலோஞா நகரில் அச்சான தோராவில் எபிரேய மூலத்தோடு ஓங்கெலோசு தர்கூமும் இடம்பெற்றது. இறந்தோர்க்காக மைந்தர் சொல்லும் ‘கதீசு’ என்னும் வேண்டுதலும் பெரும்பகுதி அரமேயமே. தேவதூதர்க்குத் தெரியாது என்று ஒருகாலத்தில் ஒதுக்கப்பட்ட மொழி, யூதருடைய மிகப் புனிதமான வேண்டுதல்களுள் ஒன்றன் மொழியாகிவிட்டது.

நம் அண்டை மாநிலமாகிய கேரளத்திலும் அரமேயத்தின் கிளைமொழி ஒன்று வழங்கியதை இங்குக் குறிப்பிடல் வேண்டும். அங்குள்ள சிரியன் கிறித்தவர் நெடுங்காலம் சுரியானி மொழியில் வழிபட்டனர். சுரியானி என்பது அரமேயத்தின் ஒரு வகையே. 1962இல் அவர்களுள் சீரோ மலபார் சபையார் மலையாளத்தில் வழிபாட்டைத் தொடங்கினர். எஸ்றாவின் காலத்தில் எருசலேமில் எழுந்த அதே கேள்வி, 24 நூற்றாண்டுகளுக்குப் பின்னர் அரபிக்கடலோரத்திலும் எழுந்தது.

மாணவர்களே, தர்கூமின் வரலாற்றிலிருந்து நாம் அறிந்துகொள்ள வேண்டியது யாது? மொழிபெயர்ப்பு மூலத்துக்குப் பகையன்று. மூலத்துக்கு மாற்றும் அன்று. அது கைவிளக்கைப் போன்றது. விளக்கை ஏந்திச் சென்று பொருளைக் காண்கிறோம். பொருளை விட்டுவிட்டு விளக்கையே பார்த்துக்கொண்டு நிற்பதில்லை. எண்ணெய் வற்றினால் விளக்குக்குப் புதிய எண்ணெய் வார்க்கவும் வேண்டும்; சாதியா செய்தது அதுவே. நீங்கள் எம்மொழி நூலை எடுத்தாலும், அதன் மூலத்தில் ஒருசில அடிகளையாவது கற்றுக்கொள்ள முயலுங்கள். உங்களுக்குத் தெரிந்ததைத் தெரியாதவர்க்கு அவர் மொழியில் எடுத்துச் சொல்லவும் தயங்காதீர்கள். சொல்லும்பொழுது, இது நூலின் சொல், இது என் சொல் என்று பிரித்துக்காட்டும் நேர்மை வேண்டும். தூணில் சாயாமல் நிமிர்ந்து நின்ற மெதுர்கெமான்கள் ஆயிரம் ஆண்டுகள் அந்நேர்மையைக் காத்தார்கள். அவர்களுள் பெரும்பாலோரின் பெயர்கூட நமக்குத் தெரியாது. அவர்கள் செய்த தொண்டு மட்டும் தெரிகிறது.